ஃபீடருக்கு வரும் பழுப்புக் குருவி: பெண் சிட்டுக்குருவியா, சில்லையா?

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டின் பின்பக்கம் ஒரு ஃபீடர் தொங்கவிட்டிருக்கிறேன். தினையும் கம்பும் கலந்து போடுவேன். காலையிலும் சாயங்காலமும் புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வரும். அடர்பழுப்புத் தலை, மார்பிலும் விலாவிலும் செதில் செதிலாகக் கோடுகள் என்று அவற்றை நன்றாக அடையாளம் தெரியும். இப்போது அந்தக் கூட்டத்தோடு வேறு ஒன்று வருகிறது. உடம்பில் செதில் இல்லை, கோடு இல்லை, தலை கறுக்கவும் இல்லை. முதுகு பழுப்பு, வயிறு அதைவிட வெளிறிய பழுப்பு, அவ்வளவுதான். அளவில் சில்லையே. வீட்டில் எல்லோரும் பெண் சிட்டுக்குருவி என்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்தால் வெண்தொண்டைச் சில்லையோ என்று தோன்றுகிறது. போனில் எடுத்த படத்தைச் செயலியில் போட்டேன், அது மூன்று பெயர்களைக் காட்டுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

இருநோக்கி:
படம் நிழலில் எடுத்தது போலிருக்கிறது. இலைகளுக்கு நடுவே வரும் வெளிச்சம் பழுப்பைப் பச்சையாக்கும், சாயங்கால வெயில் அதையே செம்மையாக்கும். அதனால் நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு சிலவற்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

அலகு எப்படி? சில்லைக்கு அலகு தடித்த முக்கோணமாக இருக்கும், நெற்றிக் கோட்டோடு ஒட்டினாற்போல் இறங்கும். சிட்டுக்குருவியின் அலகும் விதை உடைக்கும் அலகுதான் என்றாலும் தலையோடு ஒப்பிட்டால் அவ்வளவு பருமன் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வெளிர் புருவக்கோடு உண்டா? முதுகில் கறுப்பும் மணல் நிறமும் மாறி மாறி நீளக் கோடுகள் உண்டா? இந்த இரண்டும் இருந்தால் பெண் சிட்டுக்குருவி, வீட்டில் சொல்வது சரி.

வெண்தொண்டைச் சில்லை என்றால் வாலைப் பாருங்கள். கறுத்து, நீண்டு, கூராக முடியும். பறந்து போகும்போது வாலுக்கு மேல் வெள்ளை தெரியும். முகமும் வயிறும் நல்ல வெளுப்பு. இதெல்லாம் தெரியாவிட்டால் அதுவும் இல்லை.

இன்னொன்று. அது என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. தானாகத் தின்கிறதா, மற்றவற்றோடு எப்படிப் பழகுகிறது? இது இறகின் நிறத்தைவிட எனக்கு முக்கியம்.

சிட்டு நேசன்:
நானும் பெண் சிட்டுக்குருவி என்றுதான் நினைத்தேன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. பெண் சிட்டுக்கு இறக்கையில் ஒரு வெளிர் பட்டை இருக்கும், முதுகு வரிவரியாக இருக்கும். இந்தப் பறவையின் முதுகு ஒரே சீராக இருக்கிறது. சிட்டுக்குருவி நிறையப் பேருக்குப் பழக்கமான பறவை என்பதால் சிறிதாகப் பழுப்பாக எது வந்தாலும் அந்தப் பெயரே முதலில் வாயில் வருகிறது. ஆண் சிட்டு என்றால் சாம்பல் உச்சி, கறுத்த தொண்டை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். பெண்ணைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

கொல்லைப்புறம்:
நன்றி. இன்று காலை அலகையும் முதுகையும் மட்டுமே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். முதுகில் கோடு இல்லை. புருவக்கோடும் இல்லை. அலகு தடிமன், கருஞ்சாம்பல் நிறம், வாயோரம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வால் கறுப்பு இல்லை, வாலடியில் வெள்ளையும் இல்லை.

அப்புறம் ஒரு விசித்திரம். ஒரு புள்ளிச் சில்லை பக்கத்தில் வந்ததும் இது கிளையோடு படிந்து உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கமாகத் திருகி, வாயை மேல்நோக்கித் திறந்தது. அடிபட்டிருக்கிறதோ என்று பயந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து எல்லாவற்றோடும் பறந்து போய்விட்டது.

இருநோக்கி:
அடி எதுவும் படவில்லை, பசி. அது தாயிடமோ தகப்பனிடமோ இரை கேட்டது.

அருமையான ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். சிட்டுக்குருவிக் குஞ்சு இரை கேட்கும்போது இறக்கைகளை விரித்துப் படபடவென்று நடுக்கும். மைனாக் குஞ்சும் அப்படித்தான். சில்லைக் குடும்பத்துக் குஞ்சுகளின் வழக்கம் வேறு: பொதுவாக இறக்கையை நடுக்காமல், தாழ்ந்து உட்கார்ந்து கழுத்தைத் திருகி வாயைத் திறக்கும். ஆகவே அந்த ஒரு அசைவிலேயே சிட்டுக்குருவி கழிந்துவிட்டது. வாயோர மஞ்சள் வயதைச் சொல்கிறது. உங்கள் விருந்தாளி கூட்டை விட்டு வந்து அதிக நாளாகாத புள்ளிச் சில்லை. இளமையில் அதற்குச் செதிலும் இருக்காது, அடர்ந்த தலையும் இருக்காது. இறகு உதிர்ந்து முளைக்கும்போது மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செதில்கள் எட்டிப்பார்க்கும். தொடர்ந்து வந்தால் அதையும் பார்த்துவிடுங்கள், அழகான காட்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை. கருந்தலைச் சில்லையின் இளம்பறவையும் கிட்டத்தட்ட இதே பழுப்புதான். இரண்டு வகைச் சில்லைகளும் ஒரே கூட்டத்தில் வரும் இடமென்றால், கூட இருக்கும் பெரிய பறவை எது, எது இரை ஊட்டுகிறது என்று பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. தெரியாதபோது குறிப்பேட்டில் 'சில்லை, இளம்பறவை' என்று மட்டும் எழுதினால் போதும். அதுவே முழுமையான பதிவு.

பனிவாசி:
நான் பார்ப்பது வட அமெரிக்கப் பறவைகளை. ஊரும் பறவையும் வேறு, சிக்கல் ஒன்றுதான். இங்கே ஃபீடருக்கு விதை தின்னும் சிறு பறவைகளான ஹவுஸ் ஃபின்ச் வரும், பர்ப்பிள் ஃபின்ச்சும் வரும். இரண்டிலும் ஆணுக்குச் சிவப்பு உண்டு. 'எது அதிகச் சிவப்பு' என்று பார்த்துக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் குழம்பலாம். ஹவுஸ் ஃபின்ச்சின் சிவப்பு அது தின்னும் உணவிலிருந்து வருகிறது. உணவில் கரோட்டினாய்டு என்ற நிறமி குறைந்தால் அதே பறவை ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கும். ஆகவே விலாவைப் பாருங்கள். ஆண் ஹவுஸ் ஃபின்ச்சின் விலாவில் பழுப்புக் கோடுகள் தெளிவாக ஓடும், ஆண் பர்ப்பிள் ஃபின்ச்சுக்கு அப்படி இருக்காது. பெண்களில் பர்ப்பிள் ஃபின்ச்சுக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைப் பட்டை, ஹவுஸ் ஃபின்ச் பெண்ணுக்கு முகம் வெறுமையாக இருக்கும்.

மரங்கொத்தியிலும் இதே கதை. டவுனி, ஹேரி என்று இரண்டு, இறகில் அச்சு அசலாக ஒரே கறுப்பு வெள்ளை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று புத்தகம் சொல்லும். தனியாக ஒன்று வந்து தொங்கும்போது பெரிதா சிறிதா என்று எதோடு ஒப்பிடுவது? அலகைத் தலையோடு ஒப்பிடுவதுதான் வழி. டவுனிக்கு அலகு குட்டை, தலை நீளத்தில் பாதிகூட வராது. ஹேரிக்கு அலகு ஏறக்குறைய தலை நீளம். வால் ஓர இறகின் வெள்ளையில் கறுப்புப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் டவுனி. அளவு சந்தேகமாக இருந்தால் பறவையின் உடம்பிலேயே ஒரு பாகத்தை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள், அதற்குப் பக்கத்தில் வேறு பறவை வேண்டியதில்லை.

மருதாணி:
இழை சில்லையைப் பற்றியது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். கொண்டைக்குருவி ஜோடி ஒன்று பழத்துண்டுக்கு வரும். கன்னத்தில் சிவப்பு இருப்பதால் செம்மீசைக் கொண்டைக்குருவி என்று தெரிந்துகொண்டேன். கூடவே ஒன்று வருகிறது, கொண்டை உண்டு, கன்னத்தில் சிவப்பே இல்லை. வாலடியில் மட்டும் ஆரஞ்சு மாதிரி. அப்படியென்றால் அது மற்றக் கொண்டைக்குருவிதானே, வாலடிச் சிவப்பு உள்ளது?

இருநோக்கி:
அக்கா, வாலடிச் சிவப்பு இரண்டு கொண்டைக்குருவிக்கும் உண்டு, அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. கொண்டையின் வடிவத்தைப் பாருங்கள். செம்மீசைக்குக் கொண்டை நீண்டு கூராக நிமிர்ந்து நிற்கும், வயிறு வெள்ளை, மார்பின் இரண்டு பக்கமும் கறுத்த பட்டை பாதி மாலைபோல் இறங்கும். மற்றது கரும்பழுப்பு உடம்பு, குட்டைக் கொண்டை, பறந்து போகும்போது வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

நீங்கள் சொன்னதில் வாலடி ஆரஞ்சு என்பதுதான் முக்கியம். செம்மீசையின் இளம்பறவைக்குக் கன்னச் சிவப்பு வந்திருக்காது, வாலடியும் வெளிறித்தான் இருக்கும். ஜோடியோடு சேர்ந்து வருவதையும் சேர்த்துப் பார்த்தால் அது அவற்றின் பிள்ளை என்றே சொல்வேன். குஞ்சுகள் வெளிவரும் பருவத்தில் எந்தப் பெயர் தெரியாத பறவையைப் பார்த்தாலும், புது இனம் என்று தேடும் முன் 'இது யாருடைய பிள்ளை' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

தினைக்கதிர்:
இளம்பறவை மட்டுமல்ல, வேஷம் மாற்றும் பெரிய பறவைகளும் உண்டு. ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலத்தில் மின்னும் கருநீலம். அது முடிந்ததும் அந்த உடையைக் கழற்றிவிட்டுப் பெண்ணைப் போல மங்கிய மஞ்சளுக்கு மாறிவிடும். ஆனால் தொண்டை நடுவிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் நிற்கும். அதைப் பார்த்தால் ஆண் என்று சொல்லிவிடலாம்.

குயிலும் அப்படி நிறையப் பேரை ஏமாற்றும். கறுப்பு ஆணை எல்லோருக்கும் தெரியும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியுமாகப் பழுப்பில் இருக்கும் பெண் பழத்துக்கு வரும்போது ஏதோ வல்லூறு என்று எழுதுகிறார்கள். சிவந்த கண், வளைந்த கொக்கியில்லாத அலகு, பழம் தின்னும் பழக்கம். இவை மூன்றும் போதும்.

வேலியோரம்:
எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிப்படையாக ஒன்று கேட்க வேண்டும். காட்டுப் பறவைக்கு நாம் ஏன் தீனி போட வேண்டும்? அது நம்மை நம்பியே வாழப் பழகிவிடாதா? நாம் நிறுத்தினால் பட்டினிதானே?

பனிவாசி:
நியாயமான கேள்வி. இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெட் பிரிட்டிங்ஹாமும் ஸ்டான்லி டெம்பிளும் கருந்தலைச் சிக்கடீ என்ற சிறு பறவையைக் கவனித்தார்கள். நீண்ட காலம் ஃபீடர் இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டு, ஃபீடரே இல்லாத இடத்துப் பறவைகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்த விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஃபீடர் இருந்தபோதும் அவை அன்றாடத் தேவையில் பெரும்பகுதியை வெளியில்தான் தேடிக்கொண்டன. ஃபீடர் பெரிதாகக் கைகொடுத்தது கடுங்குளிர் நாட்களில்.

ஆனால் நோய் விஷயத்தில் நான் வேலியோரம் பக்கம். அலட்சியமான ஃபீடர் பறவையைக் கொல்லும். 1994-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபின்ச்சுகளுக்குக் கண் வீங்கி மூடிப்போகும் நோய் தென்பட்டது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி காரணம். சில ஆண்டுகளில் கண்டத்தின் கிழக்குப் பாதி முழுக்கப் பரவியது. பிரிட்டனில் 2005-லிருந்து பச்சை ஃபின்ச்சுகள் தொண்டையைத் தாக்கும் டிரைக்கோமோனாஸ் நோயால் பெருமளவில் மடிந்தன. இரண்டிலும் பறவைகள் நெருக்கமாகக் கூடும் ஃபீடர் பரவலுக்கு வழியாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டே அழுக்கு ஃபீடரைத் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

இருநோக்கி:
முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஃபீடரைக் கழற்றிச் சோப்பால் தேய்த்து, பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அலசி, நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகுதான் தீனி போட வேண்டும். ஈரத்தில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. கீழே சிந்திய தோலையும் எச்சத்தையும் கூட்டித் தள்ளுங்கள், புறாக்களும் சிலம்பன்களும் அங்கேதான் கொத்தும்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி, ஆள் வந்தாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் ஃபீடரை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு வாரமாவது வெளியே வைக்காதீர்கள். பட்டினி போடுகிறோமே என்று வருந்த வேண்டாம், கூட்டம் கலைவதுதான் மற்றப் பறவைகளுக்கு அப்போது நல்லது.

கண்ணாடிச் சன்னலையும் சொல்லிவிடுகிறேன். ஃபீடர் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் போகட்டும். மிக அருகில் இருந்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடமில்லை, மோதினாலும் பெரிய அடி படாது. நடுத்தரத் தூரம்தான் கொல்லும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து செண்டிமீட்டர் இடைவெளியில் புள்ளியோ கோடோ ஒட்டினால் பறவைக்கு அது தடுப்பு என்று தெரியும். ஒற்றைப் பருந்துப் படத்தை நடுவில் ஒட்டுவதால் பயனில்லை, அதைச் சுற்றியுள்ள வெறும் கண்ணாடியில் மோதும்.

வேலியோரம்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படிப் பராமரிக்க முடியாதவர்கள் தண்ணீர் மட்டும் வைக்கலாமே?

தினைக்கதிர்:
தாராளமாக. பறவை பார்ப்பவருக்குத் தண்ணீர்த் தட்டு ஃபீடரைவிடப் பெரிய வரம் என்பது என் கருத்து. தானியம் சில்லை, சிட்டுக்குருவி, புறா, கிளி என்று விதை தின்பவற்றை மட்டுமே கூட்டிவரும். புழு பூச்சி தின்னும் தையல்சிட்டும் குண்டுகரிச்சானும் தானியத்தைத் திரும்பியும் பார்க்காது, ஆனால் குளிக்க வரும். ஆழம் ஐந்து செண்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம், அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும், ஒரு கல் போட்டால் சிறியவை நிற்கும். தினமும் தண்ணீரை மாற்றினால் கொசுவும் வராது. நனைந்த பறவை மட்டும் ஏமாற்றும். கொண்டை படிந்து, நிறம் கறுத்து, பாதி அளவில் தெரியும். உலர்ந்து இறகு கோதும் வரை பொறுத்துப் பெயரைச் சொல்லுங்கள்.

சிட்டு நேசன்:
செயலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் குரலைக் கேட்டே பெயர் சொல்கிறதே. அதை எவ்வளவு நம்பலாம்?

இருநோக்கி:
நான் தினமும் பயன்படுத்துகிறேன், நல்ல துணை. இலைக்குள் ஒளிந்திருக்கும் பறவை இருப்பதையே அதுதான் சொல்லும். ஆனால் அது காட்டுவது பரிந்துரை. பெயர் வந்ததும் குரல் வந்த திசையில் பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்தால்தான் பதிவு செய்வேன். இரட்டைவால் குருவி என்னும் கரிச்சான் சிறு வல்லூறான வைரியைப் போலவே கத்தும், அதைக் கேட்டு மைனாக்கள் சிதறியோடும். மைனாவையே ஏமாற்றும் குரல் செயலியை ஏமாற்றாதா?

படத்துக்கும் ஒரு யோசனை. செயலியைத் திறக்கும் முன் பார்த்ததை ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். பெயர் திரையில் வந்துவிட்டால் அதன் பிறகு கண்ணும் அந்தப் பெயருக்குத் தகுந்ததையே பார்க்கத் தொடங்கும். கொல்லைப்புறம் அந்தக் கழுத்துத் திருகலை எழுதியதால்தான் நமக்கு விடை கிடைத்தது. அது எந்தப் படத்திலும் இல்லை.

கொல்லைப்புறம்:
இப்போது நோட்டு வாங்கி எழுதத் தொடங்கிவிட்டேன். எண்ணிக்கையும் எழுதலாம் என்று நினைத்தால் முடியவில்லை. போனதே திரும்ப வருகிறதா, புதிதாக வருகிறதா என்று எப்படித் தெரியும்?

பனிவாசி:
தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரே பார்வையில் ஒன்றாகத் தெரிந்ததில் அதிகபட்சம் எத்தனையோ, அதை மட்டும் எழுதுங்கள். ஒரு நேரம் ஏழு சில்லை, அப்புறம் நான்கு, அப்புறம் பத்து என்றால் குறிப்பில் பத்து. கூட்டிப் போடக் கூடாது. 1976-ல் கனடாவின் ஒண்டாரியோவில் தொடங்கி, 1980-களின் இறுதியில் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்த புராஜெக்ட் ஃபீடர்வாட்ச் என்ற பறவைக் கணக்கெடுப்பில் இதுதான் முறை. பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் 'பிக் கார்டன் பேர்ட்வாட்ச்' என்ற வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் ஒரு மணி நேரம் பார்த்து இப்படியே எழுதுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுவதால்தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடிகிறது.

ஒன்றுமே வராத நாளையும் விடாமல் எழுதுங்கள். அதுவும் தகவல்தான்.

மருதாணி:
கடைசியாக ஒரு சந்தேகம். தண்ணீருக்கு வரும் மைனாக்களில் ஒன்றுக்குத் தலையில் ஒரு இறகுகூட இல்லை, மஞ்சள் தோல் மட்டும் தெரிகிறது. குட்டிக் கழுகு மாதிரி இருக்கிறது. இது வேறு இனமா, நோயா? தண்ணீர்த் தட்டை எடுத்துவிட வேண்டுமா?

இருநோக்கி:
இறக்கையில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் அலகு, மஞ்சள் கால் இருந்தால் நாகணவாய் என்னும் சாதாரண மைனாதான். மைனாவின் தலைத்தோலே மஞ்சள், இறகு மூடியிருப்பதால் கண்ணைச் சுற்றி மட்டும் நமக்குத் தெரிகிறது. மொட்டையாவதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். ஒன்று, தலையிறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் மொத்தமாக ஒரே நேரத்தில் உதிர்வது. மற்றொன்று உண்ணி, பேன் தொல்லை. உடம்பில் மற்ற இடங்களை அலகால் கோதிச் சுத்தம் செய்யும் பறவைக்குத் தன் தலை மட்டும் எட்டாது.

சுறுசுறுப்பாகத் தின்று, மற்றவற்றோடு சண்டை போட்டு, நன்றாகப் பறக்கிறது என்றால் கவலை வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் புது இறகு குத்துக்குத்தாக முளைக்கும். தட்டை எடுக்க வேண்டாம். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். கண் வீக்கமோ தள்ளாட்டமோ தெரிந்தால் மட்டும் எடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.